கரிசல் நிலத்தின் இலையுதிர் காலம்

இலையுதிர் காலம் என்றவுடன் காஷ்மீரத்துச் சினார் மரங்களையே நம்மில் பலர் நினைக்கின்றனர். அங்கே அக்காலம் ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியில் நம் கோவில்பட்டி வட்டாரமோ வடகிழக்குப் பருவமழையில் நனைந்து பசுமை கொண்டிருக்கும். நம் மரங்கள் இலை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும்தான். அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே வறட்சி செய்கிறது.

இலைகளின் நுண்துளைகள் வழியே மரம் ஓயாது நீரை இழக்கிறது. நிலத்தில் ஈரம் குன்றியதும், இலையிலுள்ள சத்துகளில் பெரும்பகுதியைத் தனக்குள் மீட்டுக்கொண்டு, காம்பின் அடியில் மெல்லிய அடுக்கொன்றை உண்டாக்கி இலையை விடுவிக்கிறது. பச்சையம் சிதைந்தபின், முன்பே அங்கிருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. நாட்டு வாதுமை இலையின் செம்மை மட்டும் கடைசி நாட்களில் புதிதாக உண்டாவது. காஷ்மீரம் செல்ல இயலாதோர் தெருமுனை வாதுமையை அண்ணாந்து பார்க்கலாம். அழகில் அது சினாருக்குக் குறைந்ததன்று என்பது எங்கள் துணிபு.

சென்ற பங்குனியில் நண்பர்கள் அறுவர் கழுகுமலைச் சாலையில் சென்றோம். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வெயில் ஏறுமுன் திரும்ப வேண்டும் என்று காலை ஆறு மணிக்கே புறப்பட்டோம். வேம்புகள் பழுத்த இலைகளை உதிர்த்தவாறே செந்தளிர் காட்டின. வாகைகள் வெறுமையாய் நிற்க, நெற்றுகள் மட்டும் காற்றில் சலசலத்தன. பனையும் சீமைக் கருவேலமும் இவற்றில் எதிலும் பங்குகொள்ளவில்லை. பருத்தி எடுத்து முடிந்த நிலங்களில் வெடிப்புகள் ஓடியிருந்தன. நீரை இழந்தால் சுருங்குவது கரிசல் களிமண்ணின் இயல்பு. கைத்தடியின் முனை அவ்வெடிப்பில் எளிதில் சிக்கிக்கொள்ளும். தடி ஊன்றுவோர் சாலையோரமே நடத்தல் நலம்.

எங்களுள் ஒருவர் நீரிழிவால் பாதத்தின் உணர்வு குன்றியவர். முந்திய ஆண்டு காலில் தைத்த கருவேலமுள்ளை இரண்டு நாட்கள் அவர் அறியவேயில்லை. புண் முற்றி ஒரு கால்விரலை இழந்தார். அதன்பின் வீட்டு வாசலைத் தாண்டவே அஞ்சியிருந்தவரை, வற்புறுத்தி அழைத்து வந்தோம். உதிர்ந்த சருகுகளுக்கு அடியிலேதான் முட்கள் மறைந்து கிடக்கும். ஆகவே மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் அணிந்து வந்தார். அணியுமுன் காலணியைக் கவிழ்த்துத் தட்டினார். கழுகுமலையில் இருவர் மட்டும் பாறையேறி, எட்டாம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகக் குடையப்பெற்று முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட வெட்டுவான் கோயிலைக் கண்டு வந்தனர். ஏனையோர் அவருடன் அடிவாரத்து நிழலில் அமர்ந்து கடலைமிட்டாயைப் பகிர்ந்துகொண்டோம். அவர் அதைத் தொடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. வீடு திரும்பியதும் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து இரு உள்ளங்கால்களையும் பார்த்தார். கீறல் ஒன்றும் இல்லை. மறுவாரமும் செல்லலாமா என்று அவரே கேட்டார்.

செல்ல விரும்புவோர் சிலவற்றை மருத்துவரிடம் முன்பே கேட்டறிக. சிறுநீரக நோயால் நீரின் அளவு வரையறுக்கப்பட்டோர், வெயிலில் எவ்வளவு பருகலாம் என்பதைக் கேட்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போருக்கு வெப்பத்தில் தலைசுற்றல் நேரலாம். ஆஸ்துமா உடையோர் உறிஞ்சு மருந்தைக் கையில் வைத்திருப்பதுடன், சருகு எரிக்கும் இடங்களை விட்டு விலகிச் செல்க.

காலம் தாழ்த்த வேண்டா. புங்கு இலை உதிர்த்த சில நாட்களிலேயே பளபளக்கும் இளம்பச்சைக்கு மாறிவிடும்.