சுடச்சுட வந்த நாசி கோரேங்

சென்ற பருவத் தேர்வுக்கு முந்திய வாரம் அது. இரவு 10 மணிக்கு நானும் என் அறைத்தோழனும் விடுதிக்கு அருகிலுள்ள ஒரு கடைக்குச் சாப்பிடப் போனோம். அவனுக்கு ரொட்டி சானாய், எனக்கு நாசி கோரேங். குவாலியிலிருந்து நேரே தட்டுக்கு வந்த சோற்றில் ஆவி பறந்தது. நள்ளிரவு 1 மணிக்கு எனக்கு வாந்தி தொடங்கியது. விடியும்வரை கழிவறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்தேன். அவனோ குறட்டை விட்டுத் தூங்கினான்.

"சுடச்சுடத்தானே சாப்பிட்டேன்?" என்று மறுநாள் மருத்துவரிடம் கேட்டேன். "அந்தச் சோற்றை எப்போது ஆக்கினார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

கடையின் பின்புறம் மேசைக்கடியில் ஒரு பெரிய பேசின் நிறையச் சோறு இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புதுச் சோற்றைப் பிரட்டினால் குழைந்துவிடும். ஆறிய சோறுதான் உதிரி உதிரியாக வரும். நம் அம்மாக்களும் இதை அறிவார்கள். ஆறவைப்பது தவறன்று. எங்கே, எவ்வளவு நேரம் வைத்தார்கள் என்பதே கேள்வி.

அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற நுண்கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கலாம். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வெந்த சோறு பல மணி நேரம் வெளியில் கிடந்தால், முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலைதான் உணவுக்கு ஆபத்தானது என்பார்கள். நம் நாட்டுச் சமையலறைகளின் வெப்பம் அதற்குள்தான் அடங்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, 121 பாகையில் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லை. குவாலியில் ஐந்து நிமிடம் பிரட்டுவது எம்மாத்திரம்? நிறமோ மணமோ சுவையோ மாறாமலும் இருக்கலாம். பார்த்து, முகர்ந்து, சுவைத்து உண்ணுங்கள் என்ற சுகாதார அமைச்சின் அறிவுரை நல்லதுதான்; இந்த நஞ்சிடம் மட்டும் அது பலிக்காது.

பொதுவாக 1 முதல் 6 மணி நேரத்திற்குள் வாந்தி வரும், ஒரு நாளில் அடங்கிவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

பாட்டியின் பழைய சோற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அறைத்தோழன் வாதிட்டான். அது நீரூற்றிப் புளிக்க வைத்த சோறு. புளிப்பு பல கிருமிகளை அடக்கும். பேசினில் கிடக்கும் வெறுஞ்சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

அந்தக் கடைச் சுவரில் 'ஏ' தர அட்டை தொங்கியது. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளும் பணியாளர்கள் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் அசுத்தமான கடையை 14 நாள் வரை மூடவும் முடியும். எல்லாம் தேவைதான். ஆனால், அதிகாரி வந்த நாளில் கடை எப்படி இருந்தது என்பதைத்தான் அட்டை சொல்லும். இன்று மதியம் ஆக்கிய சோறு குளிர்பெட்டியில் இருந்ததா, மேசைக்கடியில் இருந்ததா என்பதை நாம்தான் கேட்கவேண்டும்.

கேட்கத்தான் கூச்சம். கடனுக்கும் சோறு போடும் அண்ணனிடம் எப்படிக் கேட்பது? இரண்டு வாரம் கழித்து ஒருவழியாகக் கேட்டேன்.

"அண்ணே, சோறு எப்ப ஆக்குனது?"

"காலையிலதான் தம்பி. ஏன்?"

ஒளிக்காமல் சொன்னார். காரணத்தைச் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை. அன்று தோசை சாப்பிட்டேன்.