தற்புகழ்ச்சியும் தன்னறிமுகமும்

தன்னைப் பற்றித் தானே எழுதுதல் எளிது போலத் தோன்றும். ஆயின், எழுதுகோலை எடுத்து அமர்ந்தவர்க்கே அதன் அருமை புலப்படும். மிகுத்துக் கூறினால் செருக்கு என்பர். குறைத்துக் கூறினால் தகுதியில்லாதவர் என்று ஒதுக்குவர். இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்த நெறி யாது? பணி தேடும் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய வினா இது.

முன்னாளில் வேலை வேண்டுவோர் விண்ணப்பம் எழுதி அஞ்சலில் விடுத்தனர். இந்நாளில் இணையத்தின் வழியாகவும் தம்மை அறிவிக்கின்றனர். 2003-ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த லிங்க்டின் போன்ற தளங்களில் ஒவ்வொருவரும் தமக்கெனப் பக்கம் ஒன்று அமைத்துக் கொள்ளலாம். கல்வி, பணி, பயிற்சி ஆகியவை அங்கு வரிசையாக நிற்கும். அவற்றிற்கு முன்னே, தம்மைப் பற்றித் தாமே எழுதும் சிற்றுரை ஒன்று இடம் பெறும். லிங்க்டினில் இவ்வுரை 2,600 எழுத்துக் குறிகளுக்கு மேற்படலாகாது. அதிலும் முதற்சில வரிகளே பார்ப்போர் கண்ணிற்படும். எஞ்சியவற்றைப் படிக்க விரும்புவோர் விரித்துப் பார்த்தல் வேண்டும். ஆதலின், முதல் வரிகள் வீட்டின் வாயில் போன்றவை. வாயில் அழைத்தாலன்றி விருந்தினர் உள்ளே புகார்.

தன் சிறப்பைத் தானே உரைப்பது தகுமா என்னும் ஐயம் புதியது அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இதனை ஆராய்ந்துள்ளார். அரிய நூல்கள் பல செய்து முடித்தவனாயினும், ஒருவன் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது அவர் வகுத்த பொது விதி. நூலாசிரியனின் பெருமையைக் கூறும் சிறப்புப்பாயிரத்தை அவனுடைய ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே செய்தல் வேண்டும் என்றார். எனினும், அவ்விதிக்கு நான்கு விலக்குகளும் தந்தார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் புலவன் தன் சிறப்பைத் தானே கூறலாம் என்றார்.

பணி வேண்டி எழுதப்படும் அறிமுகவுரை, இவற்றுள் இரண்டாம் விலக்கின்பாற்படும். அதனைப் படிப்பவர் எழுதியவரை முன்பின் அறியாதவர். செல்வாக்குடைய குடியிற் பிறந்தவனுக்குப் பரிந்துரைப்பார் பலர் இருப்பர். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் அடி வைத்த பெண்ணுக்கு யார் உளர்? அவள் வாய் திறவாதிருப்பின் அவளுடைய திறமை உலகிற்குத் தெரியாமலே போகும். அவளுக்கு அடக்கம் வேண்டும்; ஆனால், அவ்வடக்கம் அவளை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

அவ்வாறாயின் எவ்வாறு எழுதுவது? இதற்கு இத்தாலி நாட்டு ஓவியர் லியனார்டோ டா வின்சியின் கடிதம் நல்ல சான்று. 1482-ஆம் ஆண்டையொட்டி, முப்பது வயதளவில் இருந்த அவர், மிலான் நகரின் ஆட்சியாளரான லுடோவிக்கோ ஸ்போர்சாவிடம் பணி வேண்டிக் கடிதம் ஒன்று அமைத்தார். அதன் வரைவு இன்றும் மிலானில் உள்ள அம்புரோசிய நூலகத்தில் காக்கப்படுகிறது. இன்று உலகம் அவரை ஓவியராகவே முதலில் நினைக்கிறது. ஆனால், அக்கடிதத்தில் ஓவியம் முதலிடம் பெறவில்லை. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், முற்றுகையின்போது அகழி நீரை வடிக்கும் வழி, மூடிய போர் வண்டிகள், ஓசையின்றிச் சுரங்கம் அகழும் முறை ஆகியவற்றையே அவர் முன்னே வைத்தார். அமைதிக் காலத்தில் கட்டடம் எழுப்பவும், நீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லவும் வல்லேன் என்று பின்னர்க் கூறினார். சிற்பமும் ஓவியமும் அவற்றிற்கும் பின்னரே வந்தன.

இம்முறை வைப்புக்குக் காரணம் என்ன? அது போர் மிகுந்த காலம். அரண்களைக் காப்பதும் பகைவர் அரண்களைக் கொள்வதும் ஆட்சியாளரின் கவலை. தமக்கு எது பெருமை என்று எண்ணாது, கேட்பவருக்கு எது தேவை என்று லியனார்டோ எண்ணினார். யாரேனும் ஐயுற்றால், விரும்பும் இடத்தில் சோதனை செய்து காட்டவும் ஆயத்தமாக இருப்பதாகக் கூறி முடித்தார். பாயிரத்தில் கூறத்தக்கவை என நன்னூல் வகுத்தவற்றுள் கேட்போரும் பயனும் இடம் பெற்றிருத்தல் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

இனி, இக்காலத்து உரை ஒன்றைக் காண்போம். ‘யான் கடின உழைப்பும் நேர்மையும் ஆர்வமும் உடையேன்’ என்று ஒருத்தி எழுதுகிறாள் எனக் கொள்வோம். இதில் பொய் ஒன்றும் இல்லாதிருக்கலாம். ஆயினும், இவ்வரியை எவரும் எழுதலாம். ஆதலின் இஃது எவரையும் காட்டாது. அவளே, ‘கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதினேன். கையால் எழுதிய பேரேடுகளைக் கணிப்பொறிக்கு மாற்றினேன். மாத முடிவில் ஐந்து நாள் நீடித்த கணக்கு வேலை இன்று இரண்டு நாளில் முடிகிறது’ என்று எழுதினால் எவ்வாறிருக்கும்? உழைப்பு என்ற சொல் இல்லை, உழைப்புத் தெரிகிறது. ஆர்வம் என்ற சொல் இல்லை, ஆர்வம் விளங்குகிறது. பண்பைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுவதில்லை. செயலைக் கூறினால் பண்பு தானே வந்து நிற்கும்.

இத்தகைய உரையில் செய்த பணியும் அதனால் விளைந்த பயனும் முதலில் நிற்றல் வேண்டும். இனிச் செய்ய விரும்புவது இறுதியில் வருதல் நலம். பிறருடன் சேர்ந்து செய்ததைத் தான் ஒருவனே செய்ததாகக் கூறலாகாது. அரைகுறையாகப் பயின்றதை முற்றக் கற்றதாகவும் எழுதலாகாது. பொய்யுரையால் பணியின் வாயில் வரை செல்லலாம். நேர்காணலில் ஒரு வினா எழுந்தவுடன் அது கலைந்துவிடும். அதன்பின் அவன் கூறும் மெய்யையும் உலகம் நம்பாது.

எனவே, தற்புகழ்ச்சி வேறு; தன்னறிமுகம் வேறு. முன்னது கேட்போரிடம் வியப்பை வேண்டுவது. பின்னது அவர்க்குத் தான் ஆற்றத்தக்க பணியை அறிவிப்பது. மாணவர்களும் இன்றே இதற்கு ஆயத்தம் செய்யலாம். எழுதும் நாள் வரும்போது சொற்களைத் தேடி அலையாதிருக்க வேண்டுமாயின், சொல்லத்தக்க செயல்களை இப்போதிருந்தே செய்து வருதல் வேண்டும்.