இடுப்பு வலி: ஏன் வருகிறது, எப்படி அறிவது, என்ன செய்வது?

மலையகத்தில் இடுப்பு வலி என்று சொல்வதைத்தான் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நாரிவலி என்கிறார்கள். பெயர் இரண்டானாலும் நோவு ஒன்றே. கடைசி விலா எலும்புக்குக் கீழும் பிட்டத்துக்கு மேலும் உள்ள பகுதியில் வருவது இந்த வலி. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் பேர் இதனால் துன்பப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மனிதரை வேலை செய்ய முடியாமல் முடக்கும் காரணங்களுள் உலகில் முதலிடம் இதற்கே.

எமது மக்களுக்கு இந்த வலி வெறும் உடல் நோவு மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையை மண்சரிவு மூடியது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியது. இப்படிப்பட்ட அழிவுகளில் காணியையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்த குடும்பங்கள் இன்று உறவினரின் லயத்துக் காம்பராவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ தங்கி, கிடைத்த கூலி வேலைக்குப் போகின்றன. நிலம் போன பிறகு கையில் எஞ்சியிருக்கும் ஒரே முதல் உடம்புதான். ஆகவே அந்த உடம்பைத் தாங்கும் முள்ளந்தண்டைப் பற்றி நாம் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

வலி எப்படி உண்டாகிறது?

எமது இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் இரண்டு எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஒரு வட்டத்தட்டு உண்டு. சுற்றிலும் தசைகளும் தசைநார்களும் இறுகப் பிடித்திருக்கின்றன. எலும்புகளுக்கிடையே உள்ள துவாரங்கள் வழியாக நரம்புகள் கால்களுக்கு இறங்குகின்றன.

குனிந்து பாரம் தூக்கும்போது நடப்பதை விளங்கிக்கொள்ள ஓர் அலவாங்கை நினைத்துப் பாருங்கள். சிறு கல்லை அடியில் வைத்து, நீண்ட முனையில் மெல்ல அழுத்தினாலே பெரிய பாறை அசைகிறது. அதுபோல, ஒரு மூட்டையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக் குனிந்து தூக்கினால், மூட்டையின் நிறை பல மடங்காக இடுப்புத் தசைகளிலும் வட்டத்தட்டுகளிலும் இறங்குகிறது. அதே மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் இடுப்பில் விழும் சுமை குறைகிறது.

கொழுந்து பறிக்கும் பெண், சரிவான மலையில் ஒரு கால் மேலும் மறு கால் கீழுமாக நின்று, செடிமேல் சாய்ந்து, மணிக்கணக்காகக் கைகளை நீட்டுகிறாள். தலையில் மாட்டிய கயிற்றில் கொழுந்துச் சாக்கு பின்னோக்கி இழுக்கிறது. மழை நாளில் ஈரக் கொழுந்தின் நிறையும் சேர்கிறது. ஆண்களுக்குக் கவ்வாத்து, கான் வெட்டுதல், முள்ளுக்குத்து, உரமூட்டை சுமத்தல். மரக்கறித் தோட்டத்தில் கோவா, லீக்ஸ், உருளைக்கிழங்கு மூட்டைகள். இவற்றோடு தண்ணீரும் விறகும் சுமப்பது, போதிய தூக்கமின்மை, கடன், எதிர்காலம் பற்றிய கவலை ஆகியவையும் வலியைக் கூட்டி, நெடுநாள் நீடிக்கச் செய்கின்றன. கவலை வலியைக் கூட்டுகிறது என்பதால் வலி பொய்யானது என்று பொருளல்ல.

நோயை அறிதல்

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பில் இன்ன கோளாறு என்று காட்ட முடியாத சாதாரண இடுப்பு வலியே வருகிறது. எக்ஸ்ரே படத்தில் தசைப்பிடிப்புத் தெரியாது. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வலியே இல்லாவிட்டாலும் படத்தில் தேய்மானம் தெரியும். எனவே வைத்தியர் படம் எடுக்கச் சொல்லாவிட்டால், அவர் எம்மைக் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

வலி பிட்டத்தைத் தாண்டி, முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால், பிதுங்கிய வட்டத்தட்டு நரம்பை அழுத்தியிருக்கலாம். இதை அறிய வைத்தியர் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே உயர்த்திப் பார்ப்பார். குதிக்காலாலும் முன்பாதத்தாலும் நடக்கச் சொல்லுவார். இவ்வாறு காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் சத்திரசிகிச்சையின்றியே தணிகிறது.

இடுப்பு வலி என்றதும் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைப் பாதித்துள்ள நாட்பட்ட சிறுநீரக நோய், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியைத் தருவதில்லை. அதை அறிய இரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். ஆனால் ஒரு பக்க விலாவுக்குக் கீழே வலியும், காய்ச்சலும், சிறுநீர் எரிவும் சேர்ந்து வந்தால், அது சிறுநீரகத் தொற்றாக இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

இவை கண்டால் உடனே வைத்தியசாலைக்கு

1. சிறுநீர் கழிக்க முடியாமை, அல்லது சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் போதல்.
2. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல்.
3. கால் பலமிழந்து, பாதம் இழுபடுதல்.
4. வலியோடு காய்ச்சல், உடல் மெலிதல், நீண்ட நாள் இருமல். (காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும்.)
5. படுத்தாலும் இரவிலும் தணியாத வலி, அல்லது முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி.
6. விழுந்த பின்னர், அல்லது மண்ணுக்குள் அகப்பட்டு மீண்ட பின்னர் வரும் வலி.

முதல் மூன்றும் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாதவை. நரம்பு நசிந்து கிடந்தால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், டிக்கோயா ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். விழுந்தவரை இழுத்துத் தூக்காமல், பலகையில் கிடத்தி அசையாமல் கொண்டு செல்லுங்கள்.

சிகிச்சை என்ன?

சாதாரண இடுப்பு வலிக்கு நாட்கணக்காகப் படுத்துக் கிடப்பது மருந்தல்ல. ஒன்றிரண்டு நாள் பாரவேலையை விட்டு, வீட்டுக்குள்ளும் வெளியிலும் மெதுவாக நடமாடுங்கள். படுத்தே இருந்தால் தசை தளர்ந்து வலி நீடிக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுக்கலாம். தோல் வெந்துவிடாமல் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசி மெல்லத் தடவலாம். ஆனால் முதுகில் ஏறி மிதிப்பதும் எலும்பை முறுக்குவதும் ஆபத்து.

டைக்குளோபெனாக், இபுபுறூபன் போன்ற மாத்திரைகள் வலியைத் தணிக்கும். ஆயினும் வெறும் வயிற்றில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், நெடுநாள் எடுத்தால் சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிகளும், வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இவற்றைக் கடையில் வாங்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயை விளங்கிக்கொள்வதையும் முறையான உடற்பயிற்சியையும் அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டியையும், முதுகை இழுத்துக் கட்டும் முறையையும் வழமையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. எனவே பட்டிக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

வலி தணிந்து வரும்போது, பாயில் மல்லாக்கப் படுத்து இரு பயிற்சிகள் செய்யலாம். முழங்கால்களை மடித்து, ஒவ்வொன்றாக நெஞ்சை நோக்கி அணைத்துச் சற்றுப் பொறுத்து விடுங்கள். பின்னர் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். காலையும் மாலையும் பத்துத் தடவை போதும். வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

மீண்டும் வராதிருக்க

முழங்காலை மடித்து, பாரத்தை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பை முறுக்காமல், பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். 50 கிலோ மூட்டையை இருவராகத் தூக்குங்கள், அல்லது இரண்டாகப் பிரியுங்கள். மண்வெட்டிக்கு உங்கள் உயரத்துக்கேற்ற நீண்ட பிடி போடுங்கள். இடையிடையே நிமிர்ந்து நின்று முதுகைப் பின்னோக்கி வளையுங்கள்.

இவை தனி ஒருவர் செய்யக்கூடியவை. ஆனால் நிறுவை இடம் தூரத்தில் இருந்தால், மலைப்பாதை வழுக்கினால், ஒரு பெண் எவ்வளவு கவனமாக நடந்தும் பயனில்லை. நிறுவையைக் கிட்டக் கொண்டுவரவும், பாதையைத் திருத்தவும், வைத்தியரின் துண்டு உள்ளவருக்கு இலேசான வேலை தரவும் சேர்ந்து கேட்போம். வேலையில் விழுந்தால் அன்றே நிர்வாகத்திடம் பதியச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோர அந்தப் பதிவு உதவும்.

வீட்டுக்குள்ளும் ஒரு நீதி உண்டு. நாள் முழுதும் மலையில் நின்று திரும்பும் தாய், மறுபடி தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் சுமப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் குடத்தைக் கணவனோ வளர்ந்த மகனோ வாங்கிக்கொண்டால், அவளுடைய முதுகுக்கு அதைவிட நல்ல மருந்து கடையில் இல்லை. இழந்த காணி திரும்பும்வரை எம்மைத் தாங்குவது ஒருவருக்கொருவர் கொடுக்கும் தோள்தான். பாரத்தைப் பகிர்வோம், முதுகு நிமிர்வோம்.