கையில் தொழில் உண்டு, காகிதம் இல்லை

நம் காலனிகளில் வெல்டிங் அடிப்பவர், கம்பி கட்டுபவர், வயரிங் செய்பவர் எனத் தெருவுக்கு நாலு பேர் உண்டு. ஆனால் கம்பெனி வாசலில் முதல் கேள்வியே "சர்டிபிகேட் இருக்கா?" என்பதுதான். இல்லையென்றால் இருபது வருட அனுபவத்துக்கும் ஹெல்பர் கூலிதான்.

வேலைக்கு வேலை கேட்கும் சான்று மாறுகிறது. வெல்டருக்கு ஓராண்டு, எலக்ட்ரீசியனுக்கு இரண்டாண்டு ஐ.டி.ஐ. படிப்பு. நர்சுக்குப் படிப்போடு நர்சிங் கவுன்சில் பதிவும் வேண்டும். லாரிக்குக் கனரக வாகன உரிமம். அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதியை 2019-இல் மத்திய அரசு நீக்கிவிட்டது. படிப்பில்லாததால் கிளீனராகவே நின்றுவிட்ட நம்மவர்கள் இப்போது விண்ணப்பிக்கலாம்.

சான்றுக்கு அலையும் குடும்பங்களைக் குறிவைத்துத்தான் "ஆறே மாதத்தில் நர்ஸ்" என்ற போர்டுகள் தொங்குகின்றன. ஏ.என்.எம். படிப்பே 2 ஆண்டு. ஆறு மாதச் சான்றைக் கொண்டு கவுன்சிலில் நர்சாகப் பதிய முடியாது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன், அங்கீகார ஆணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்குத் தாட்கோ மூலம் இலவசத் திறன் பயிற்சிகளும் நடக்கின்றன.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் ஆர்.பி.எல். முறையும் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. நம் தெருக்களில் பலர் அதன் பெயரையே கேட்டதில்லை.

சான்று கேட்பது தவறல்ல. வேலை தெரியுமா என்று பார்க்காமலே வாசலில் நிறுத்துவதுதான் தவறு. அந்தச் சோதனை முகாமை ஒவ்வொரு ஒன்றியத்திலும் நடத்தச் சொல்லி, கிராம சபையில் மனுக் கொடுப்போம்.