மூன்று பிளேடு வைத்தியம்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த யூனியன் செயலாளர், "தயவு செஞ்சு கவிதை மட்டும் வேண்டாம், கட்டுக் கட்டா வந்து கிடக்கு" என்றார். அதனால் நீங்கள் தப்பித்தீர்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டு லேத்தைப் பற்றி.

கோவை கணபதிப் பக்கம் எங்கள் வீடு. பின்புறம் சீட்டுக் கூரை போட்ட சின்னப் பட்டறை. அதில் ஒரு நாலரை அடி லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர். என் செமஸ்டர் ஃபீஸ், தங்கையின் டியூஷன், அரிசி, பருப்பு எல்லாமே அந்த லேத்தின் சக்கில் சுற்றித்தான் வந்தாக வேண்டும். அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். என்னைவிட வயதில் மூத்தது.

மோட்டார் ஷாஃப்ட் கடைவதுதான் எங்களுக்கு முக்கியமான ஜாப். பேரிங் உட்காரும் இடம் 20 மி.மீ. அதில் 0.01 மி.மீ. கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் ஆகாது. எங்கள் லேத்தோ ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் கடையும். அதாவது டேப்பர். அப்பா அதற்கு ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். ஷாஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே எமரிப் பட்டையை விரலில் சுற்றிப் பெருத்த பக்கம் பிடிப்பார். சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள் பட்டை ஷாஃப்ட்டோடு சுற்றிக்கொண்டது. வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இன்று இல்லை.

ஸ்விட்ச் எங்கே இருந்தது தெரியுமா? சக்குக்குப் பின்னால், சுவரில்! ஓடுகிற சக்கைத் தாண்டிக் கை நீட்டினால்தான் நிறுத்த முடியும். சத்தம் கேட்டு ஓடிவந்து மெயினை இறக்கியது அம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பா சொன்னார்: "வித்துப்போடலாம் கண்ணு. காயலாங்கடைக்காரன் எடைக்கு எடுத்துக்குவான்." வகுப்பு நண்பர்களோ, "டிஜிட்டல் ரீட்அவுட் மாட்டுடா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ரீட்அவுட் ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்று காட்டுமே தவிர, கோணலாக ஓடும் கேரேஜை நேராக ஓட்டாது.

நான் செய்த முதல் மாற்றத்துக்கும் டேப்பருக்கும் சம்பந்தமில்லை. ஸ்விட்சைப் பெயர்த்து லேத் ஸ்டாண்டின் முன்பக்கம், முழங்கால் இடித்தாலே நிற்கும்படி, சிவப்புக் காளான் பட்டன் வைத்தேன். நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் போட்டதால், கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும் மெஷின் தானாக ஓடாது. இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து டேப்பர். எங்கள் தெருவில் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. மேஸ்திரி ஐயா என்போம். வந்தார், லேத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "லேத்து நல்லாத்தான் இருக்குது தம்பி. அது நிக்கிற எடந்தான் கோணல். சவரம் பண்ற பிளேடு இருக்குதா?" என்றார். கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன்.

கயிற்றுக் கட்டிலின் ஒரு கால் பள்ளத்தில் நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்ளும் அல்லவா? லேத் பெட்டும் அப்படியே. வார்ப்பிரும்பு எங்கே முறுக்கும் என்று கேட்காதீர்கள். தரை சமமில்லாத இடத்தில் நான்கு போல்ட்டையும் வெறியோடு இறுக்கினால் நூலளவு முறுக்கிக்கொள்ளும். கேரேஜ் அந்த முறுக்கின் மேலேயே ஓடும். டூல் முனை போகப் போக ஜாபின் மையத்தை விட்டு விலகும், அல்லது நெருங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட் உண்டு. 40 மி.மீ. கனத்தில் ஒரு ராடை எடுத்து, சக்கில் இருந்து சுமார் 150 மி.மீ. வெளியே நீட்டிப் பிடித்தேன். டெயில்ஸ்டாக் சப்போர்ட் கூடாது. நடுப்பகுதியை ஒட்டக் கடைந்து, சக் பக்கம் ஒரு காலர், வெளி முனையில் ஒரு காலர் மட்டும் விட்டேன். பிறகு கூர்மையான டூலால், கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், இரண்டு காலரிலும் ஒரே செட்டிங்கில் மெல்லிய கட். மைக்ரோமீட்டரில் பார்த்தால் வெளிக் காலர் 0.08 மி.மீ. பெரிது! விட்டத்தில் 0.08 என்றால் டூல் விலகியது 0.04.

ராடு ஏன் கனமாக இருக்க வேண்டும்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் கேன்டிலீவர் படித்தோமே, நினைவிருக்கிறதா? ஒல்லி ராடு டூலின் அழுத்தத்திலேயே வளைந்து பொய்க் கணக்குச் சொல்லும்.

வெளிக் காலர் பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலை உயர்த்த வேண்டும். பெட் பின்பக்கமாகச் சாயும். டூல் முனை மையத்தை நோக்கி நகரும். இங்கேதான் பிளேடு வந்தது. சாதாரண சவர பிளேடு 0.1 மி.மீ. கனம், நாலணா ஷிம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டைத் தளர்த்தி இரண்டு பிளேடு வைத்து, மெதுவாக இறுக்கி, மறுபடி கட் எடுத்தேன். 0.03. மூன்றாவது பிளேடு வைத்ததும் 0.01-க்குள் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்த வேலை, முடியும்போது மணி பதினொன்று. மேஸ்திரி ஐயா போகவே இல்லை.

பெட் சரியான பிறகே டெயில்ஸ்டாக். சென்டருக்குச் சென்டர் ஒரு ராடு போட்டு, இரு முனையும் கடைந்து, செட்-ஓவர் ஸ்க்ரூவைத் திருப்பிச் சமன் செய்தேன். இந்த வரிசை முக்கியம். அப்பா பல வருஷமாக டெயில்ஸ்டாக்கை மட்டும் நகர்த்தி டேப்பரைச் சரி செய்து வந்தார். ஒரு நீளத்துக்குச் சரியாக வரும். ஷாஃப்ட்டின் நீளம் மாறினால் மறுபடி டேப்பர். ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடியிருக்கிறோம். மீதி இருந்ததை எமரிப் பட்டை மூடியது.

மெஷினைத் தரையில் நிறுத்தியதும் அளந்து பார்க்க வேண்டும் என்பது ஒன்றும் புதுசில்லை. ஜெர்மானியப் பேராசிரியர் ஷ்லெசிங்கர் 1927-லேயே இதற்குப் புத்தகம் போட்டுவிட்டார். நாம் லேபில் பார்க்கும் அலைன்மென்ட் டெஸ்ட் சார்ட்டுகளுக்கு அவர்தான் முன்னோடி. நானும் அதை ரெக்கார்டில் அழகாக எழுதி முழு மார்க் வாங்கியவன்தான். வீட்டு லேத்துக்கு அது பொருந்தும் என்று தோன்றவேயில்லை!

பிறகுதான் துணிந்து ஒரு நிஜ மாற்றம் செய்தேன். காம்பவுண்ட் ஸ்லைடு தேய்ந்து போய், பார்ட்டிங் டூல் வைத்தால் லேத்தே நடுங்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வார்ப்பிரும்புக் கட்டியைப் போல்ட் போட்டு, அதன் மேல் டூல் போஸ்ட்டை உட்கார வைத்தேன். கட்டி காயலாங்கடையில் கிடைத்தது. நான்கு ஜா சக்கில் கட்டி, இரண்டு முகத்தையும் இதே லேத்தில்தான் ஃபேஸிங் செய்தேன். டூல் வெளியே நீட்டிய அளவையும் 40 மி.மீ.யிலிருந்து 20 ஆகக் குறைத்தேன். வளைவு நீளத்தின் மும்மடிப் படி என்பதால், டூலின் வளைவு எட்டில் ஒரு பங்கு! நடுக்கம் நின்றது.

இழப்பும் உண்டு. காம்பவுண்டை லேத்தின் அச்சுக்கு ஏறக்குறைய 5 டிகிரி 44 நிமிடம் திருப்பி வைத்தால், டயலில் 0.1 நகர்த்தும்போது டூல் 0.01 மட்டுமே உள்ளே போகும். ஃபைன் கட்டுக்கு அருமையான உபாயம். கட்டி போட்டபின் அது இல்லை. சின்னக் கோணம் கடைய வேண்டுமென்றால் ஸ்லைடைத் திரும்ப மாட்ட வேண்டும். "பழசைத் தூக்கி எறிஞ்சறாதே" என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். அலமாரியில் எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம்.

கை ஆறிய பிறகு அப்பா கடைந்த முதல் லாட் இருபது ஷாஃப்ட். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் பார்த்தார். நடுவிரலால் திம்பிளைச் சுற்றப் பழகிவிட்டார். இருபதும் பாஸ். ஒன்றும் பேசாமல் எமரி ரோலை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதைத் துண்டு போட்டு மரப்பட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். பாலிஷ் வேண்டுமென்றால் அந்தக் கட்டையைப் பிடித்துத்தான். விரலில் சுற்றுவது எங்கள் பட்டறையில் இல்லை.

ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி காலர் டெஸ்ட் எடுத்தேன். தரை கொஞ்சம் அசைந்திருக்கிறது. ஒரு பிளேடை உருவ வேண்டியிருந்தது.