அகதி வந்தா ஓட்டு மாறும்!

காந்திபுரம் பக்கம் ஏதாவது ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, "ஏனுங்க, பிரிட்டிஷ்காரன் எதுக்கு ஐரோப்பிய யூனியனை விட்டுப் போனான்?" என்று கேட்டுப் பாருங்கள். பவுண்டு, வரி, வர்த்தகம் என்று பி.காம். படித்தவர்கள் (அடியேனும்தான்) பிளந்து கட்டுவோம்.

ஆனால், 2016 ஜூனில் ஓட்டுப்பதிவுக்கு ஒரு வாரம் முன்னால் அங்கே திறந்து வைத்த ஒரு போஸ்டரில் பவுண்டும் இல்லை, வரியும் இல்லை. நீளமான அகதிகள் வரிசை... அவ்வளவுதான்! அதுவும் இங்கிலாந்து வாசலில் நின்ற வரிசை அல்ல. முந்தின வருஷம் ஸ்லோவேனியா எல்லையில் எடுத்த போட்டோ. 51.9 சதவீதம் பேர் 'வெளியே போவோம்' என்று குத்தினார்கள். (போஸ்டரால் மட்டுமே என்று சொல்லவில்லை. பயம் எங்கே இருந்தது என்று சொல்கிறேன்.)

சிரிக்காதீங்க சார். நாம மட்டும் என்னவாம்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேஸ்வரத்தில் படகு படகாக வந்து இறங்கினார்கள். நாலு வருஷத்தில் சுமார் 1.34 லட்சம் பேர். கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல்... "அவங்களுக்குத் தனி நாடு கொடுத்தா என்ன தப்பு?" என்று இங்கே பேசாத டீக்கடை இல்லை. டெல்லி அசைந்தது. 1987-ல் ஒப்பந்தம். வடக்கு, கிழக்கு மாகாணங்களை இணைப்பது என்று அதில் ஒரு ஷரத்து. இணைத்தும் விட்டார்கள். (2006-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது தனிக்கதை.)

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ஒரே ராத்திரி! அடுத்த மாசத் தேர்தலில் தி.மு.க. சட்டசபையில் 2 இடத்தோடு சுருண்டது. தனி நாடு பேசிய வாய்கள் மூடிக்கொண்டன. உண்டியல் குலுக்கிய ஊரிலேயே இலங்கைத் தமிழருக்கு வாடகை வீடு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. குண்டோடு வந்தவர்கள் வேறு. பவானிசாகர், பூலுவப்பட்டி முகாம்களில் ரேஷன் அரிசிக்கு நின்றவர்கள் வேறு. யார் பேரிலோ எழுத வேண்டிய பற்றை இவர்கள் பேரில் எழுதிவிட்டோம்.

அது இன்னும் நேராகவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதற்கப்புறம் என்றால் அப்பா, அம்மாவில் ஒருத்தராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, ஒரே முகாமில் அண்ணன் இந்தியன், தம்பி அகதி! 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் உண்டு. இலங்கை இல்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் மட்டும் 'மறுவாழ்வு முகாம்' ஆனது.

அந்த மாதிரி ஒரு தம்பி, காலையில் முகாமிலிருந்து டவுன் பஸ் பிடித்து பெயின்ட் வேலைக்குப் போகிறார். வாயைத் திறந்தால் நம்மூர் 'ஏனுங்க'தான். தேர்தல் அன்று அவருக்கும் லீவு உண்டு. ஓட்டுதான் கிடையாது.