கைக்கு 27! காலுக்கு 26!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெரிய அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எங்கு பார்த்தாலும் தலைகள்தான். காலடியில் பாசி பிடித்த பாறை.

சர்ரென்று வழுக்குகிறது!

விழுகிறவர் என்ன செய்கிறார்? யாரும் சொல்லித் தராமலே உள்ளங்கையை விரித்துக் கீழே ஊன்றுகிறார். தலை தப்பிவிடுகிறது. ஆனால், உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது.

அந்த மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது?

கூழாங்கல் போல எட்டு!

மணிக்கட்டில் இருப்பது ஒரே எலும்பு அல்ல, எட்டு எலும்புகள்! கூழாங்கற்களை இரண்டு வரிசையாக அடுக்கி, நாரால் இறுக்கிக் கட்டியது போல இருக்கின்றன. ஒன்று பட்டாணி அளவுதான். அதற்குப் பெயரே பட்டாணி எலும்பு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் இந்த எட்டும் வெறும் குருத்தாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறும். பட்டாணி எலும்புதான் கடைசி. அதற்கு 9 முதல் 12 வயது ஆகிவிடும்.

உள்ளங்கையில் ஐந்து எலும்புகள். விரல்களில் 14. கட்டைவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று. ஆக, ஒரு கைக்கு 27.

பாதத்திலும் இதே கணக்குத்தான். ஆனால், பின்பாதத்தில் எட்டுக்குப் பதில் ஏழு. ஆகவே ஒரு காலுக்கு 26.

கூட்டிப் பாருங்கள். இரண்டு கைக்கு 54. இரண்டு காலுக்கு 52. மொத்தம் 106! பெரியவர்களின் உடம்பு முழுவதற்குமே 206 எலும்புகள்தான். பாதிக்கு மேல் கையிலும் பாதத்திலுமே இருக்கின்றன.

ஈரக் கால் தடம்

அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் ஈரக் காலடி கல்தரையில் பதிந்திருக்கும். கவனித்துப் பாருங்கள். குதிகால் பதிந்திருக்கும், விரல்கள் பதிந்திருக்கும். நடுவில் உள்பக்கம் மட்டும் பதியாமல் வளைந்து போயிருக்கும். அங்கே பாத எலும்புகள் பாலத்தின் வளைவு போல நிற்கின்றன. நடக்கும்போது இந்த வளைவு சற்றுத் தாழ்ந்து, மீண்டும் எழும். வில்வண்டிக்கு வில் எப்படியோ, உடம்புக்கு இது அப்படி.

கைக்குழந்தையை நிறுத்திப் பார்த்தால் முழுப் பாதமும் பதியும். பயம் வேண்டாம்! வளைவு வளர வளரத்தான் வரும்.

தென்காசி காசி விசுவநாதர் கோவிலில் ஒற்றைக்கல் சிற்பங்கள் புகழ்பெற்றவை. ஒரு காலைத் தூக்கி ஆடும் தாண்டவச் சிற்பமும் அங்கே உண்டு. கல்லுக்கு அது எளிது. மனிதர் அப்படி நின்றால், முழுப் பாரத்தையும் 26 எலும்புகளே தாங்க வேண்டும்!

விரலை ஆட்டுவது யார்?

இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கிப் பாருங்கள். முன்கையில் சதை அசைகிறதல்லவா? விரலுக்குள் விரலை மடக்கும் தசை கிடையாது. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகள்தான், நரம்புக் கயிறு போன்ற தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டம்தான்!

இந்தக் கயிறுகளை இடம் மாற்றிக் கட்டிப் புகழ்பெற்றவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நிமிர வைத்தார். அந்த நோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அந்நாளில் பலரும் நம்பினார்கள். அப்படி அல்ல என்று காட்டினார் அவர். உணர்ச்சி மரத்துப்போவதால் சூடுபட்டதும் வெட்டுப்பட்டதும் தெரிவதில்லை. புண் சீழ்பிடித்து, எலும்பு வரை அரித்துவிடுகிறது. வலி என்பது காவல்காரன்!

வெறும் சுளுக்கா?

குற்றாலப் பாறைக்கு மீண்டும் வருவோம்.

வயதான பெண்கள் கையை ஊன்றி விழுந்தால், பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கை எலும்பு முறியும். கை கோணலாகத் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

இளைஞர்களுக்கு வேறு ஆபத்து. கட்டைவிரலுக்கு அடியில் படகு எலும்பு என்று ஒன்று இருக்கிறது. விழும்போது அது நடுவில் விரிசல் விடும். கை கோணாது, வீக்கமும் அதிகம் இராது. "சுளுக்குத்தான், உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுவார்கள். அங்கேதான் மோசம்!

இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் கிடைக்காது. முறிவு கூடாமல் போகலாம். பின்பாதி செத்தும் போகலாம். பல ஆண்டு கழித்து, செம்பைத் தூக்கினாலும் மணிக்கட்டு வலிக்கும்.

கட்டைவிரலை விரித்துத் தூக்கினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா? டாக்டரிடம் போவதே நல்லது. முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால் சந்தேகம் இருந்தாலே கட்டுப் போட்டு, 10 அல்லது 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். "ஒன்றுமே இல்லையே, எதற்குக் கட்டு?" என்று அவிழ்த்து எறிந்துவிடக் கூடாது.

விழுந்தவுடன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பின் கழற்றுவது பெரும்பாடு. கையை இழுக்கவோ, உருவவோ வேண்டாம். செய்தித்தாளைத் தடிமனாக மடித்து முன்கைக்கு அணை கொடுத்து, துண்டால் கழுத்தில் தொட்டில் கட்டினால் போதும். குற்றாலத்திலிருந்து தென்காசி 5 கிலோமீட்டர்தான்.

எந்தக் கட்டானாலும், விரல் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ உடனே தளர்த்தச் சொல்ல வேண்டும். விடிந்ததும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் கையே போய்விடக்கூடும்.

விரல் எலும்பு மூன்று, நான்கு வாரத்தில் கூடிவிடும். படகு எலும்புக்குப் பல சமயம் 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஜூனில் வழுக்கி விழுந்தவர் செப்டம்பரில் கட்டைப் பிரித்துவிட்டு அருவிக்கு வந்தால், சாரல் ஓய்ந்திருக்கும்!